நடக்கக் கூடாத ஆள்

இருதயராஜுக்குப் பக்கவாதம் வந்தது திண்டிவனம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில், டிக்கெட் இல்லாமல் வேர்க்கடலை மூட்டையோடு வந்த ஒரு மல்லாட்டை வியாபாரியை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தபோது. "தொலஞ்சி போச்சி சார்" என்று சொன்ன அந்த ஆள் சட்டைப் பையைத் தடவிப் பார்க்கிற பாவனைகூடக் காட்டவில்லை. இருதயராஜுக்கு அதுதான் பொறுக்கவில்லை. டிக்கெட் எடுக்காதது ஒரு குற்றம் என்றால், பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாதது அதைவிடப் பெரிய குற்றம் என்பது அவருடைய கட்சி. "பொய் சொல்றதுக்குக்கூட ஒரு..." என்று ஆரம்பித்தவருக்கு வாய் கோணிக்கொண்டது. இடது கையும் இடது காலும் அவரைக் கேட்காமலே வேலையை ராஜினாமா செய்தன. மல்லாட்டை வியாபாரிதான் அவரைத் தூக்கி பெஞ்சில் படுக்கவைத்து, நாலு பேரைக் கூப்பிட்டுவிட்டு, கூட்டம் சேர்ந்ததும் கேட்டைத் தாண்டிப் போய்விட்டான்.

ஆஸ்பத்திரியில் நினைவு திரும்பியதும் அவர் முதலில் கேட்டது, "அவன் ஃபைன் கட்னானா?" என்பதுதான். நாக்கு குழறியதில் அது யாருக்கும் விளங்கவில்லை. தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்து அவர் மனைவி சவுரியம்மாள் அரை டம்ளர் தண்ணீரை வாயில் ஊற்றினாள். அது பாதி மூக்கில் ஏறியது. அந்த நிமிஷத்திலிருந்தே உலகத்தின்மேல் அவருக்கு இருந்த இளக்காரம் இரட்டிப்பாகிவிட்டது.

இளக்காரம் அவருக்குப் புதிது இல்லை. சம்பளத்தோடு சேர்ந்து வந்த படி அது. அவருடைய அப்பா திண்டிவனத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் அடுத்தவர் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கியே முதுகு கூனிப்போனவர். மகன் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, கறுப்புக் கோட்டுப் போட்டு டி.டி.ஆர். ஆனான். அப்பாவை வாசலுக்கு வெளியே நிற்கவைத்துக் கூலி கொடுத்தவர்கள், ரயிலில் மகனிடம் கையை நீட்டி டிக்கெட்டைக் காட்ட வேண்டியிருந்தது. அந்த ருசி இருதயராஜுக்கு வாழ்நாள் முழுக்கத் தீரவில்லை. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் அவர் ஏறாத பெட்டி கிடையாது. ஒரு மூஞ்சியைப் பார்த்தால் போதும், டிக்கெட் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். சொல்லிவிட்டு, அதை வீட்டுக்கு வந்து சாப்பாட்டின்போது இன்னொரு தடவையும் சொல்லுவார்.

அப்படிப்பட்டவர் விழுப்புரம் ரயில்வே காலனி வீட்டில், முன் அறைக் கட்டிலில், ஈ உட்கார்ந்தால் ஒரு கையால் மட்டும் ஓட்டிக்கொண்டு படுத்துக் கிடந்தார். பார்க்க வருகிறவர்களுக்குக் குறைச்சல் இல்லை. ஒருத்தன் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, தன் சித்தப்பாவுக்கும் இதே மாதிரி வந்து மூன்றாம் மாசம் செத்துப்போனதை விலாவாரியாகச் சொல்லிவிட்டு, "நீங்க தைரியமா இருங்க சார்" என்று போனான். இன்னொருத்தன் புறா ரத்தத்தைச் சூட்டோடு தேய்த்தால் கால் தானாக எழுந்துகொள்ளும் என்றான். அவன் கையோடு இரண்டு புறாவையும் கொண்டுவந்திருந்தான். பங்குச் சாமியார், சாகக் கிடக்கிறவர்களுக்குப் பூசுகிற அவஸ்தை எண்ணெயோடு வந்தபோது இருதயராஜ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். எல்லாரும் ஒரே மாதிரி தலையைச் சாய்த்து, ஒரே மாதிரி 'த்சொ' கொட்டினார்கள். இவர்களில் பாதிப் பேரிடம் எந்தக் காலத்திலும் டிக்கெட் இருந்ததில்லை என்று நினைத்துக்கொண்டே அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

டாக்டர் நல்ல மனுஷன். ஒளிக்காமல் சொன்னார். "இது காய்ச்சல் இல்லீங்க, நாலு நாள்ல விட்டுப் போறதுக்கு. ஒரு வருஷம்கூட ஆவும். தினம் எழுந்து நின்னு நடந்து பழகினா கால் வரும். படுத்தே கிடந்தா வராது. மனச மட்டும் உற்சாகமா வெச்சிக்குங்க." இருதயராஜுக்குக் கடைசி வார்த்தைதான் காதில் விழுந்தது. பாதி உடம்பைப் பிணமாக வைத்துக்கொண்டிருப்பவனை உற்சாகமாக இருக்கச் சொல்கிறவன் எந்தக் காலேஜில் படித்தான் என்று ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

உண்மையைச் சொன்னால், மனுஷன் முயற்சியே செய்யவில்லை. காலையில் சவுரியம்மாள் வந்து அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்குவாள். "எழுந்திருங்க, ரெண்டு அடி வையுங்க, மாதாவ நெனச்சிக்கினு வையுங்க" என்பாள். "செத்த கால எங்கடி இஸ்துக்கினு போற?" என்று சொல்லி அவர் மூட்டை மாதிரி தொப்பென்று உட்கார்ந்துவிடுவார். அவள் கெஞ்சினாள். அழுதாள். வேளாங்கண்ணிக்கு மெழுகுக் கால் நேர்ந்துகொண்டாள். எண்ணெய் தேய்த்துத் தேய்த்து அவள் உள்ளங்கைதான் வழுவழுப்பாயிற்று. கோடை போய் ஆடிக் காற்றும் அடித்து ஓய்ந்தது. இருதயராஜ் கட்டிலைவிட்டு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சவுரியம்மாளின் தம்பி பாக்கியநாதன் வந்தான். யூனியன் ஆபீசில் ஃபைல் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன். எந்த ரூலில் எந்த ஓட்டை என்று அவனுக்கு அத்துப்படி. முன்வராந்தாவில் அக்காவை உட்காரவைத்து, குரலைத் தாழ்த்திப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசினான். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் கட்டிலில் இருந்தவருக்கு அவ்வளவும் கேட்டது.

"அக்கா, மாமா லீவு முடியப் போவுது. திருச்சியில மெடிக்கல் போர்டு வெப்பான். எந்த வேலைக்கும் லாயக்கில்லன்னு எழுதிட்டான்னு வையி, மாமாவுக்குப் பென்ஷன், நம்ப சூசைக்கு ரயில்வேயில வேலை. அதே இவரு எழுந்து நின்னு நாலு அடி நடந்து காட்னாருன்னா, உக்கார்ந்து பாக்கற வேலை எதனா குடுத்துடுவான். அப்ப புள்ளைக்கு ஒண்ணும் கெடையாது. புரியுதா? அவர எதுக்கு நடடா நடடான்னு பேஜாரு பண்ணிக்கினு இருக்கற?"

ஒரு கூட்ஸ் வண்டி முழுசாகக் கடந்து போயிற்று. பிறகு சவுரியம்மாள், "சரி" என்றாள்.

மறுநாள் காலையில் அக்குளில் கை வரவில்லை. காப்பி வந்தது. அவித்த முட்டை வந்தது. "நீங்க படுங்க. எதுக்கு உடம்ப வருத்திக்கினு" என்றாள் சவுரியம்மாள், தலையணையை நிமிர்த்தி வைத்தபடி. இருதயராஜ் அந்த மூஞ்சியை உற்றுப் பார்த்தார். இத்தனை வருஷ சர்வீசில் அவர் கற்றது ஒன்றுதான்: கேட்காமலே "சார், டீ சாப்புடறீங்களா?" என்று பல்லைக் காட்டுகிறவனிடம் டிக்கெட் இருக்காது.

சூசைராஜ் அவருடைய ஒரே மகன். பி.யு.சி.யை இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கோட்டைவிட்டு, ஜங்ஷன் டீக்கடைக்குத் தூணாக இருந்தவன். அன்று பகலில் அவன் உள் அறைக் கண்ணாடி முன்னால் நின்றிருந்தான். கதவு பாதி திறந்திருந்தது. அவன் உடம்பில் அப்பாவின் கறுப்புக் கோட்டு. பொத்தானைப் போட்டுப் பார்த்தான், தோளைக் குலுக்கிப் பார்த்தான், தலையை ஒரு வாரு வாரிக்கொண்டான். இருதயராஜுக்கு வயிறு பற்றி எரிந்தது. வாரிசு வேலையில் போகிறவனுக்கு கலாசி வேலைதான் கிடைக்கும், தண்டவாளத்துக்குப் பக்கத்தில் சம்மட்டி தூக்க வேண்டியதுதான், இந்த முட்டாளுக்கு அதுகூடத் தெரியவில்லை. நான் இன்னும் சாகவில்லை, அதற்குள் என் கோட்டு!

அன்று மத்தியானம் சவுரியம்மாள் ஜெபமாலைக்குக் கோயிலுக்குப் போனாள். மகன் டீக்கடைக்குப் போனான். இருதயராஜ் வலது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்து நின்றார். கால் நடுங்கியது. சுவர் அவரை நோக்கி வந்தது. "எவன்டா அவன், என்னை அன்ஃபிட்டுன்னு எழுதறவன்" என்று சொல்லி இடது காலை இழுத்து ஒரு அடி வைத்தார். அடுத்த அடிக்குப் பாக்கியநாதனின் பிறப்பைச் சந்தேகப்பட்டார். அதற்கடுத்த அடிக்குச் சவுரியம்மாளின் அப்பா கல்யாணத்தில் போட்ட சாப்பாட்டை இழுத்தார். கட்டிலுக்குத் திரும்பி விழுந்தபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. பல மாசத்துக்குப் பிறகு அவருக்கு நன்றாகப் பசித்தது.

அதிலிருந்து இதே வேலை. டாக்டர் சொன்ன உற்சாகம் எந்தக் கடையில் விற்கும் என்று தெரியாதவருக்கு, வெறுப்பு வீட்டுக்குள்ளேயே இலவசமாகக் கிடைத்தது. சில நாள் கால் கல்லாகக் கனக்கும். போதும், எல்லாம் ஒழியட்டும் என்று படுத்துவிடுவார். அப்போது பார்த்து சூசை சீட்டியடித்துக்கொண்டு உள்ளே வருவான். மறுநாள் இருதயராஜ் சமையல்கட்டு வரைக்கும் போய்விடுவார்.

வீட்டில் இருந்தவர்களோ அவர் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்ட மாதிரி நடந்துகொண்டார்கள். சவுரியம்மாள் ஒரு நாள் சுவரோரமாக இருந்த பீரோவையும் பெஞ்சையும் மூலைக்குத் தள்ளினாள். "இன்னாடி பண்ற?" என்றதற்கு, "தூசி" என்றாள். அவருடைய நாற்காலியைக்கூட அவள் தூக்கிக்கொண்டு போனபோது அவருக்குப் புரிந்துவிட்டது. இனி இந்த ஆள் எங்கே எழுந்து உட்காரப் போகிறான் என்று இடத்தைக் காலி செய்கிறாள். ஐப்பசி மழை வந்ததும் அறைக்கு நடுவில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் மார்பு உயரத்தில் கெட்டியாக ஒரு கயிற்றைக் கட்டி, ஈரப் பாவாடையை அவர் தலைமாட்டில் காயப்போட்டாள். ஒரு காலத்தில் இந்த ஆளின் சட்டைக் காலரில் சுருக்கம் இருந்தால் நடுங்கினவள்! அவர் பழி தீர்க்கிற மாதிரி அந்தக் கயிற்றையே பிடித்துக்கொண்டு, ஈரத் துணியை முகத்திலிருந்து ஒதுக்கி ஒதுக்கி நடந்தார்.

ஒரு தடவை விழுந்தார். முழங்கை தரையில் மோதித் தோல் உரிந்தது. எழுந்திருக்க முடியாமல், அவள் வருவதற்குள் கட்டிலுக்குப் போய்விட வேண்டும் என்று புழு மாதிரி ஊர்ந்தார். வந்தவள் கையைப் பார்த்தாள். "கட்டில் சட்டம் இடிச்சிடுச்சி" என்றார். "அப்டீங்களா" என்று சொல்லி மஞ்சளை வைத்துக் கட்டினாள். ஒரு கேள்வி கேட்கத் துப்பில்லை பார், இவளை ஏமாற்ற ஒரு வித்தையும் வேண்டாம் என்று இருதயராஜ் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

பாக்கியநாதன் அடிக்கடி வந்து காலைப் பரிசோதித்தான். "மாமா, இங்க கிள்ளுனா தெரியுதா?" என்று நிஜமாகவே கிள்ளினான். உயிர் போகிற வலி. கால் பிழைத்துக்கொண்டது என்பதற்கு அந்த வலியே சாட்சி. இருதயராஜ் கூரையைப் பார்த்துக்கொண்டு, "எங்கடா கிள்ளுற?" என்றார். மச்சான் முகத்தில் ஓடிய சந்தோஷத்தைப் பார்த்தபோது, இதற்காகவே திருச்சி வரைக்கும் நடந்தே போகலாம் போலிருந்தது.

போர்டு நாள் தை மாசம் வந்தது. விழுப்புரத்தில் இரண்டு போர்ட்டர்கள் அவரைக் கோணிமூட்டை மாதிரி தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். பாக்கியநாதன், "பாத்து, பாத்து, சுத்தமா முடியாதவரு" என்று பிளாட்பாரத்துக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தான். திருச்சியில் சக்கர நாற்காலி. போர்டு அறைக்குள் ஒருவரைத்தான் துணைக்கு விடுவோம் என்றார்கள். பாக்கியநாதன் முந்திக்கொண்டு தள்ளிக்கொண்டு போனான். கதவு திறந்தே இருந்தது. வாசலில் சவுரியம்மாளும் சூசையும் நின்றார்கள்.

மேஜைக்குப் பின்னால் மூன்று டாக்டர்கள். "எப்படி இருக்கு?" என்றார் நடுவில் இருந்தவர்.

"ஒண்ணும் முடியல சார்" என்றான் பாக்கியநாதன். "சாப்பாடு, கக்கூஸ், சகலமும் படுக்கையிலதான் சார். நாங்கதான் பாத்துக்கினு..."

"நவுருடா" என்றார் இருதயராஜ்.

நாற்காலியின் கையை ஊன்றி எழுந்தார். யாரும் பிடிக்கவில்லை, பிடிக்க வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை. இடது காலை வெளிப்பக்கமாக வீசி வீசி மேஜை வரைக்கும் போனார். "குட் மார்னிங் சார்" என்றார். திரும்பி வாசல் வரைக்கும் வந்து, மகனின் முகத்துக்கு நேராக நின்று பார்த்தார். பையன் முகம் விழுந்துபோயிருந்தது. அவர் வசூலித்த அபராதங்களிலேயே தித்திப்பானது அது. மறுபடியும் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

டாக்டர்கள் தங்களுக்குள் பேசினார்கள். ஓடுகிற வண்டியில் செக்கிங் இனி முடியாது, உட்கார்ந்து பார்க்கிற வேலைக்குத் தாராளமாக லாயக்கு என்றார்கள். "நல்லா எக்சர்சைஸ் பண்ணியிருக்கீங்க. வீட்ல நல்லா கவனிச்சிருக்காங்க" என்றார் நடு டாக்டர். இருதயராஜுக்குச் சிரிப்பு வந்து, கோணல் வாயில் எச்சில் ஒழுகியது.

திரும்புகிற வண்டியில் பாக்கியநாதன் வேறு பெட்டிக்குப் போய்விட்டான். சூசை கதவோரமாகவே நின்றான். விழுப்புரத்தில் இறங்கியதும், அப்பாவைக் கைகொடுத்து இறக்கிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் விறுவிறுவென்று போய்விட்டான். சாயங்கால வெயில் பிளாட்பாரத்தில் பாதியை எட்டியிருந்தது. சவுரியம்மாள் ஒரு கையில் பையும் ஒரு கையில் தூக்குமாக நின்றாள். இருதயராஜ் இந்த நிமிஷத்துக்காகத்தான் விருத்தாசலத்திலிருந்து வாயை அடக்கி வைத்திருந்தார்.

"இன்னாடி, எப்டி? உன் தம்பியும் நீயும் போட்ட பிளான் இன்னா ஆச்சி?"

சவுரியம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"மூஞ்சியப் பாத்தே கண்டுபுடிப்பேன், மூஞ்சியப் பாத்தே கண்டுபுடிப்பேன்னு கட்ன நாளா சொல்லிக்கினு இருந்தீங்களே, நல்லா கண்டுபுடிச்சீங்க போங்க. மொத நாளு நானும் சரின்னுதான் சொன்னேன். இல்லன்னு சொல்ல மாட்டேன். நீங்க இனிமே எழுந்திருக்கற ஆள் இல்லன்னு முடிவு பண்ணிட்டேன். புள்ளயாவது பொழைக்கட்டும்னு நெனச்சேன். அப்பறம் ஒரு நாளு கோயிலுக்குப் போனவ ஜெபமாலைய மறந்துட்டு திரும்பி வந்தேன். ஜன்னலாண்ட பாத்தா, ஐயா செவுத்தப் புடிச்சிக்கினு நடக்கறாரு. ஒரு அடிக்கு எங்கப்பன், ஒரு அடிக்கு எங்கம்மா, ஒரு அடிக்கு நானு. நடங்க நடங்கன்னு காலப் புடிச்சிக் கெஞ்சனேனே, அப்ப நடந்தீங்களா? என்னத் திட்டனாதான் நடப்பீங்கன்னா, திட்டிட்டுப் போங்கன்னு உட்டுட்டேன்."

"அந்தக் கயிறு..."

"பின்ன? பாவாட காயறதுக்கா அம்மாம் தடி கயிறு கட்டுவாங்க?"

"தெனம் மத்தியானம் நீ கோயிலுக்குத்தான..."

"கோயில் வராந்தாவுல குந்திக்கினு இருந்தேன். ஜெபமாலையில ஒரு மணி உருட்டல. உழுந்து கெடக்கறாரோ, மண்ட ஒடஞ்சி போச்சோன்னு வழியவே பாத்துக்கினு குந்தியிருந்தேன். சீக்கிரம் வந்தா நீங்க படுத்துக்குவீங்கன்னு நேரம் ஆவட்டும், ஆவட்டும்னு பொறுத்துக்கினு இருந்தேன்."

"சூசைக்கு...?"

"தெரியாது. என் வேலைய நீதான் கெடுத்தியான்னு ஒரு நாளு கேப்பான். என் கையால சோறு திங்க மாட்டான். கேக்கட்டும்." அவள் தூக்கைக் கை மாற்றிக்கொண்டாள்.

இருதயராஜ் வாழ்க்கையில் முதல் தடவையாக வெட்கப்பட்டார். பிள்ளைக்கும் புருஷனுக்கும் நடுவில் நின்று, பிள்ளையின் சோற்றை எடுத்து இந்தப் பாழாய்ப்போன காலுக்குப் போட்டிருக்கிறாள் இவள். அது தெரியாமல் அவர் இவளுடைய வம்சத்தையே தெருவுக்கு இழுத்துக்கொண்டு நடந்திருக்கிறார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று பார்த்தார். வசவைத் தவிர வேறு எதையும் பேசிப் பழகாத வாய் திறக்கவில்லை. சரி, வீட்டுக்கு நடப்போம் என்று இடது காலைத் தூக்கினார். கால் அசையவில்லை. திட்டுவதற்கு ஒரு ஆளைத் தேடினார். பாக்கியநாதன் அல்பன், அவனை நினைத்தால் சிரிப்புத்தான் வந்தது. பையனை நினைத்தால் அந்த விழுந்துபோன முகம்தான் வந்தது. வேறு யாரும் மிச்சமில்லை. ஷெட்டின் இரும்புத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சவுரி, கொஞ்சம் புடி" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது.

அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். கை பாதி நீண்டது. பிறகு அந்தக் கையை மடக்கிக்கொண்டாள். டிக்கெட் இல்லாதவனைப் பார்க்கிற பார்வை என்று அவர் இத்தனை வருஷம் எதை நினைத்திருந்தாரோ, அதைவிடக் கேவலமான ஒரு பார்வை பார்த்தாள்.

"புடிக்க மாட்டேன். பொணத்தத்தான் நாலு பேரு புடிப்பாங்க. போர்டுல கோட்டு போட்ட டாக்டருங்க முன்னாடி நடக்கத் தெரிஞ்சிது, பொண்டாட்டி முன்னாடி தெரியலயா? ஆம்பள வேஷம் ஊருக்குத்தானா? வர்றதுன்னா வாங்க. இல்லாங்காட்டி இங்கியே தூணுக்குத் தூணா நில்லுங்க. நான் போறேன், அடுப்புல வேலை இருக்குது."

சொன்னவள் திரும்பி நடந்தாள்.

"ஏய்! நில்லுடி! ராட்சசி!" என்று இருதயராஜ் கத்தினார். பிளாட்பாரத்தில் இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். "கட்ன புருஷன நடு பிளாட்பாரத்துல உட்டுட்டுப் போறவ நீ பொம்பளையாடி?" இடது கால் தரையை விட்டு எழும்பியது. தூணை விட்டார். காலை வீசி ஒரு அடி வைத்தார், அடுத்த அடியும் வைத்தார். திட்டிக்கொண்டும் அழுதுகொண்டும் அவள் பின்னால் போனார்.

அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் எப்போதும் ஓட்டமும் நடையுமாகப் போகிறவள், கேட் வரைக்கும் அன்றைக்கு மெதுவாகவே நடந்தாள்.